ஸ்கோலின் போடக்கூடாத வீடு

புதுக்கோட்டை
8.1.1962

சிவமயம்

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு, ஆதப்பன் எழுதிக்கொண்டது.

எந்த ஆதப்பன் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். அரிமளத்து வீட்டில் உங்களுக்கு அடுத்துப் பிறந்து, பன்னிரண்டு வயதில் பனையப்பட்டிக்குச் சுவீகாரம் போன அதே ஆதப்பன்தான். இருபத்தாறு வருஷம் கழித்து அக்காளுக்குக் கடிதம் எழுதுகிறவன் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன். ஆகையால் விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் பதினெட்டாம் தேதி திருச்சியில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆயிற்று. ஆபரேஷன் அரை மணி நேரத்தில் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு நாலு மணி நேரம் நான் மூச்சு விடவில்லை. பதற வேண்டாம். கடையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால் பிழைத்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்!

ஸ்கோலின் என்று ஓர் ஊசி இருக்கிறதாம். கத்தி வைக்கும்போது உடம்பு விறைக்காமல் இருக்க, சதை முழுவதையும் தளர்த்திவிடும் மருந்து. மூச்சு விடுவதும் சதை செய்கிற வேலைதான் என்பதால் அதுவும் நின்றுபோகும். மற்றவர்களுக்கு ஐந்து நிமிஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எனக்கு ஆகவில்லை. மயக்கம் கொடுத்த டாக்டர் சொர்ணவல்லி அம்மாள் ஒரு ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி எனக்குப் பதிலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கை ஓய்ந்தால் நர்ஸ், நர்ஸ் ஓய்ந்தால் மறுபடி டாக்டர்.

இதில் யாருக்கும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கடைசி ஒரு மணி நேரம் எனக்கு நினைவு வந்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, காது மட்டும் சுத்தமாகக் கேட்கிறது. இதுதான் சாவு போலிருக்கிறது என்று நினைத்தேன். பையை அமுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் செவந்தி, கோட்டைப்பட்டினத்துப் பெண். தூக்கம் வராமலிருக்க அவள் தன் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அவள் லீவு முடிந்து கிளம்புகிற அன்று செருப்பை ஒளித்து வைத்துவிடுவானாம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் வாய் இல்லை. அப்போது உங்கள் நினைப்பு வந்தது, ஆச்சி. அதை எழுத வெட்கப்படவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். "ஒங்க கூடப் பொறந்தவங்க யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?" பக்கத்தில் பனையப்பட்டி ஆத்தா நின்றுகொண்டிருந்தார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சுவீகாரம் போனவன் பிறந்த வீட்டுப் பேச்சை எடுப்பதில்லை; போன வீட்டில் நான் ஒற்றைப் பிள்ளை. "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லைங்க" என்றேன். மறுநாள் ஆத்தா இல்லாத நேரம் பார்த்து உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா என்னைத் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. "சுவீகாரம் கோர்ட்டுக்குத் தெரியும், கோயிலுக்குத் தெரியும். ரத்தத்துக்குத் தெரியாதுங்க!" என்றார்கள்.

இந்தக் குறை பிறப்போடு வருவதாம். என் கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், அவர்கள் பிள்ளைகளுக்கும் வரலாம். ரங்கூனில் போய்ச் சேர்ந்த பெரியண்ணனை விட்டால் நீங்கள் ஒருவர்தான். உங்கள் மகள் சீதை முழுகாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நம் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தது உண்டா என்று எழுதுங்கள். பனையப்பட்டிக்கு வேண்டாம், கடை விலாசத்துக்கு எழுதுங்கள்.

ஆதப்பன்

ராயவரம்
16.1.1962

சிவமயம்

புதுக்கோட்டை இரும்புக்கடை ஆதப்ப செட்டியார் அவர்களுக்கு, ராயவரம் சேதுலட்சுமி எழுதுவது.

பிழைத்து வந்ததில் ரொம்பச் சந்தோஷம். இதை மனதாரச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதையெல்லாம் கோபத்தோடு சொல்லப் போகிறேன்.

நம்மைப் பெற்ற அப்பச்சி போன அன்று நீங்கள் வந்தீர்கள். பங்காளிகளோடு தெருவில் நின்றீர்கள், குளித்தீர்கள், போய்விட்டீர்கள். உள்ளே நான் ஒருத்தி கிடந்தேன். போன வருஷம் சீதை கல்யாணத்துக்கு உங்கள் அத்தான், இவர்களே நேரில் வந்து அழைத்தார்கள். பெற்ற பிள்ளையைப் போல் வளர்த்த ஆத்தாவுக்குப் பிடிக்காது என்று அம்மான் செய்ய வேண்டிய சடங்குக்கு நீங்கள் வரவில்லை. ஒன்றுவிட்ட பங்காளி ஒருத்தர் வந்து, பாவம், எந்தக் கையில் தேங்காயைக் கொடுப்பது என்று தெரியாமல் தடுமாறினார். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு வேண்டாத அக்காள் வியாதிக்கு மட்டும் வேண்டியிருக்கிறது. அதிலும் கடை விலாசத்துக்கு எழுத வேண்டுமாம்! முப்பத்தெட்டு வயது ஆம்பிள்ளை!

நீங்கள் கேட்டதற்குப் பதில்: எங்கள் வீட்டில் அப்படி யாருக்கும் எதுவும் வந்ததில்லை. சீதை நன்றாக இருக்கிறாள். பங்குனியில் பேறு. பொங்கல் அன்று மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அப்படி யாருக்கும் எதுவும் இல்லை.

சேதுலட்சுமி

புதுக்கோட்டை
20.1.1962

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

நீங்கள் திட்டியதில் ஒரு வரி கூடப் பொய் இல்லை. வாங்கிக்கொண்டேன். கல்யாணத்தன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ் ஏறித் திருமயம் வரைக்கும் வந்தேன். கோட்டைக்கு எதிரே இறங்கி ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அதைச் சொன்னால் கோபம் இன்னும் கூடும், சொல்லாமல் இருந்தால் எனக்கு மனசு ஆறாது.

ஆனால் ஒன்று. 'யாருக்கும் எதுவும் இல்லை' என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். அரிமளத்தில் சீடை டப்பா காலியானபோதும் 'நான் எடுக்கலை, நான் எடுக்கலை' என்று இரண்டு தடவைதான் சொல்வீர்கள். இதற்குமேல் நான் கேட்கப் போவதில்லை. டாக்டரம்மா எனக்கு விளக்கியதை மட்டும் எழுதுகிறேன். அவர்கள் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினார்கள்.

நாம் கையை மடக்க நினைத்தால் அந்தச் செய்தி மூளையிலிருந்து நரம்பு வழியாக ஓடி வருகிறது. ஆனால் நரம்பு சதையைத் தொடுவதில்லையாம். நடுவே மயிரிழையிலும் சின்ன இடைவெளி. அங்கே நரம்பு ஒரு சொட்டு ரசாயனத்தை விடும். அது சதையின் வாசலில் போய்ச் சொன்னதும் சதை மடங்கும். வேலைக்கு ஆள் கூப்பிட நாம் ஒருத்தனை அனுப்புவது போல. போனவன் சொல்லிவிட்டு உடனே அகன்றுவிட வேண்டும், அப்போதுதான் அடுத்த தடவை கூப்பிட முடியும். ஸ்கோலின் அந்த ஆளைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு வரும். அதனால் முதலில் உடம்பு முழுக்கச் சதை படபடவென்று துடிக்கும். பிறகு அது வாசலை மறித்து உட்கார்ந்துகொள்ளும். நரம்பு என்ன கத்தினாலும் சதைக்குக் கேட்காது. நெஞ்சு நின்றுவிடாதா என்று கேட்டேன். இதயத்துக்கு வாசலே வேறாம், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். மூளைக்கும் இந்த மருந்து போவதில்லை. அதனால்தான் எனக்கு நர்ஸ் செவந்தியின் குடும்பக் கதை முழுவதும் தெரியும்.

எல்லார் ரத்தத்திலும் ஸ்கோலினை உடைத்துப் போடுகிற ஒரு சத்து உண்டு. பெரும்பங்கு மருந்தை அது வழியிலேயே காலி பண்ணிவிடும், மிச்சம் ஐந்து நிமிஷம்தான் தாங்கும். என் ரத்தத்தில் அந்தச் சத்து பேருக்கு இருக்கிறதே தவிர வேலை செய்யவில்லை. இது நரம்புத் தளர்ச்சி இல்லை, வலிப்பு இல்லை, தினப்படி வாழ்க்கையில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அந்த ஓர் ஊசியைப் போடாமல் இருந்தால் நூறு வயது வரைக்கும் யாருக்கும் தெரியாது. மறுநாள் எனக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. சதை துடித்ததனால் அப்படித்தான் இருக்குமாம். கதிர் அறுத்தவன் மாதிரி முனகினேன். கதிர் அரிவாளைக் கடையில் விற்றிருக்கிறேனே தவிரப் பிடித்ததில்லை.

பிரசவத்தில் வயிற்றைக் கீறி எடுக்க நேர்ந்தால் இப்போதெல்லாம் இந்த ஊசிதான் போடுகிறார்களாம். இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

ஆதப்பன்

ராயவரம்
29.1.1962

தம்பி ஆதப்பனுக்கு,

சீடையை நான்தான் எடுத்தேன். இப்போது திருப்திதானே.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மதுரையில் எனக்குக் கர்ப்பப்பைக் கட்டி எடுத்தார்கள். அரிமளத்தில் ஒருத்தருக்கும் சொல்லவில்லை, கோயிலுக்குப் போனதாகச் சொல்லிக்கொண்டோம். ஆபரேஷன் முடிந்து இரண்டரை மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை, மூச்சும் இல்லை. உனக்கு அமுக்கியது போலத்தான் எனக்கும் அமுக்கியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை, அந்த மட்டில் நான் புண்ணியம் செய்தவள். பெரிய டாக்டருக்கே காரணம் தெரியவில்லை. "ஏதோ நரம்பு பலவீனம் போலருக்கு" என்று இவர்களிடம் சொன்னார். அன்று இரவே நானும் இவர்களும் பேசி முடிவு பண்ணிவிட்டோம், இதை வெளியில் விடுவதில்லை என்று. வீட்டில் கல்யாண வயதுக்கு வரப்போகிற பெண். ஆத்தாளுக்கு நரம்பு வியாதி என்று ஒரு சொல் கிளம்பினால் போதும், நம் நகரத்தார் ஒன்பது கோயில் வகையறாவிலும் மாப்பிள்ளை கிடைக்காது.

உன் கடிதத்தைப் படித்தபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீயும் நானும் பேசிக்கொண்டிருந்தால் நீ அந்த டாக்டரம்மாவிடம் சொல்லியிருப்பாய், உனக்கு அந்த நாலு மணி நேரம் வந்திருக்காது. அதை நினைத்து ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. உன்மேல் கோபப்பட எனக்கு இருந்த உரிமையில் பாதி போய்விட்டது.

புதுக்கோட்டையில் சீதையைப் பார்க்கிற லேடி டாக்டர் இடுப்பெலும்பு சின்னது, கீற வேண்டியிருந்தாலும் இருக்கும் என்கிறார். ஆனால் தம்பி, சொல்ல முடியாது. டாக்டரிடம் சொன்னால் சீதையிடம் சொல்ல வேண்டும், சீதை மாப்பிள்ளையிடம் சொல்வாள், மாப்பிள்ளை விராச்சிலைக்குப் போய்த் தன் ஆத்தாவிடம் சொல்வார். சம்பந்தி தெய்வானை ஆச்சியை உனக்குத் தெரியாது. சீர்வரிசையில் வந்த நூற்றெட்டுப் பித்தளைப் பாத்திரத்தையும் தட்டிப் பார்த்து, ஓட்டை விழுந்த ஒரு கும்பாவைக் கண்டுபிடித்தவர்கள். மறைத்துக் கட்டிவிட்டார்கள் என்று பெண்ணை இங்கேயே விட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்? கும்பிடுகிற தெய்வம் சுகப்பிரசவமாக ஆக்கிவிடும். நீ யாரிடமும் வாய் திறக்கக் கூடாது.

ஆச்சி

புதுக்கோட்டை
31.1.1962

ஆச்சி,

பதில் உடனே எழுதுகிறேன், கோபம் ஆறுமுன்.

சுகப்பிரசவம் ஆனால் சரி. ஆகாவிட்டால்? அவசரத்தில் கொண்டுபோகிறீர்கள். அங்கே இருப்பவர் ஊசி போடுவார். ஐந்து நிமிஷத்தில் மூச்சு வரும் என்று காத்திருப்பார். வராது. எனக்குச் சொர்ணவல்லி டாக்டரம்மா இருந்தார்கள், கை ஓயாமல் அமுக்கினார்கள். அதே மாதிரி ஆள் அன்றைக்கு அங்கே இருப்பார் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா? பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அந்தச் சத்து சாதாரணமாகவே கொஞ்சம் குறைந்துதான் இருக்குமாம். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கும்பாவில் ஓட்டை இருந்தால் சம்பந்தி திருப்பித் தரட்டும். சீதைக்கு மூச்சு நின்றால் யாரிடம் போய் வாங்குவீர்கள்?

அந்தக் கட்டிலில் நான் கிடந்தேன், ஆச்சி. பக்கத்தில் பத்துப் பேர் நிற்க, 'நான் இருக்கிறேன்' என்று சொல்ல முடியாமல் கிடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். அது அந்தப் பெண்ணுக்கு வர விடமாட்டேன். ஆனாலும் உங்கள் முதுகுக்குப் பின்னால் விராச்சிலைக்கு எழுத மாட்டேன். அந்தத் துரோகமும் சேர வேண்டாம். நீங்களே சொல்லுங்கள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு இதோடு இருக்கிறது. 'இந்தக் குடும்பத்தாருக்கு ஸ்கோலின் போடக்கூடாது' என்று மேலே இங்கிலீஷிலும் கீழே தமிழிலும் இருக்கிறது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து ஆபரேஷன் பண்ணலாம், அதற்கு இந்த மருந்தே வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் ரத்தத்தையும் சீதை ரத்தத்தையும் எடுத்து ஐஸில் வைத்துத் திருச்சிக்கு அனுப்புங்கள். அங்கிருந்து டாக்டரம்மா சென்னைக்கு அனுப்பிப் பரிசோதித்துத் தருவார்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன். திருத்தி எழுதப் போவதில்லை.

ஆதப்பன்

ராயவரம்
12.2.1962

தம்பி ஆதப்பனுக்கு,

உன் கடிதத்தை அரிசிப் பானையில் போட்டு மூடி ஐந்து நாள் வைத்திருந்தேன். ஆறாம் நாள் எடுத்துக்கொண்டு விராச்சிலைக்குப் போனேன். இவர்கள் வரவில்லை. "எனக்கு இடுப்பு வலி" என்று கட்டிலில் படுத்துக்கொண்டார்கள். ஆண்பிள்ளைகளுக்கு எப்போது இடுப்பு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

தெய்வானை ஆச்சி வளவு முற்றத்தில் வடகம் பிழிந்துகொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. மதுரை, உன் நாலு மணி நேரம், சீட்டு எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். மறைத்ததையும் சொன்னேன். அவர்கள் பாட்டுக்குப் பிழிந்துகொண்டே இருந்தார்கள். உரலில் மாவு தீர்ந்த பிறகு நிமிர்ந்து, "எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு நாலு தலைமுறையாச் சர்க்கரை. கல்யாணம் பேசும்போது நாங்க சொன்னமா?" என்றார்கள்.

மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வரும் என்று இப்போதுதான் தெரிகிறது! அதற்குச் சண்டை போடுவதா, இதற்குச் சந்தோஷப்படுவதா என்று புரியாமல் நின்றேன். "ஒக்காருங்க சம்பந்தி, காப்பி குடிங்க. அந்தச் சீட்டை இங்கிட்டுக் கொடுங்க" என்று வாங்கி, ஒரு நகல் எடுக்கச் சொன்னார்கள். அசலைத் தன் சுருக்குப் பையிலேயே வைத்துக்கொண்டார்கள். "ஆசுபத்திரிக்கு நானும் வாரேன். எழுதினதைக் காட்டுறது ஒரு பக்கம் இருக்கட்டும், வாயாலயும் சொல்லணும்" என்றார்கள். பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கிற கையை நான் எத்தனை நாள் வைதிருப்பேன்!

ரத்தம் எடுத்தாயிற்று. இடுப்பு வலி நின்றுபோன இவர்கள் ஐஸ் நிரப்பிய பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு திருச்சிக்கு ரயிலேறினார்கள். எதிரில் இருந்தவர் பால் ஐஸா என்று கேட்டாராம்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு நீ எப்போது வருவாய்? கடை விலாசத்துக்கு எழுதி எழுதி எனக்கே நான் ஏதோ கடன்காரி போல இருக்கிறது.

ஆச்சி

புதுக்கோட்டை
4.3.1962

அன்புள்ள ஆச்சிக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. உங்கள் ரத்தம் அப்படியே என் ரத்தம். சீதைக்குப் பாதி குறை. உங்களிடமிருந்து கெட்டதும் அத்தானிடமிருந்து நல்லதுமாக வாங்கியிருக்கிறாள். அவளுக்கு ஊசி போட்டிருந்தாலும் பெரும்பாலும் தப்பித்திருப்பாள், ஆனாலும் பிரசவ சமயத்தில் விஷப்பரீட்சை வேண்டாம், முதுகு ஊசியே போடட்டும் என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அதே பாதிதான். என் வீட்டுக்காரி அழகம்மை இப்போதே அவர்கள் ஜாதகத்தோடு ஒரு சீட்டை மடித்து வைத்துவிட்டாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதங்களை ஆத்தா பார்த்துவிட்டார்கள். ரிசல்ட்டை அழகம்மைக்குக் காட்டுவதற்காக எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன், புத்தி கெட்டவன். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. ராமாயணம் தவிர எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அந்த வீட்டு ரத்தம்னு எழுதி வந்திருக்கே, அப்ப இந்த வீட்டுல ஒனக்கு என்னடா இருக்கு?" என்று கேட்டார்கள். மறுபடி ஸ்கோலின் போட்ட மாதிரி நின்றேன்.

மறுநாள் காலையில் ஆத்தாவைக் காணோம். தேடினால், டிரைவர் மதுரைவீரனைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டார்கள்! நேரே சொர்ணவல்லி டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறார்கள். "பெத்தவ, கூடப் பொறந்தவ ரத்தமெல்லாம் பாக்கணும்னு சொன்னீங்களாமே. நான் அவன் ஆத்தா. என்னுதை எடுங்க" என்று. அது வேண்டியதில்லை என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார்களாம். கையை மடக்கவில்லை. கடைசியில் எடுத்து அனுப்பிவிட்டார்கள். டிரங்க் போனில் இதை எனக்குச் சொல்லும்போது டாக்டரம்மா குரல் ஒரு மாதிரி இருந்தது.

உங்கள் வீட்டுக்கு வருவது பற்றிக் கேட்டீர்கள். வருவேன். ஆத்தா மனசு நோகாமல் எப்படி வருவது என்றுதான் தெரியவில்லை.

ஆதப்பன்

புதுக்கோட்டை ஆஸ்பத்திரி
17.3.1962

தம்பி ஆதப்பனுக்கு,

பேரன்! ஏழு பவுண்டு. நேற்றுக் காலை ஒன்பதரைக்குப் பிறந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன்.

இரண்டு நாள் வலி, இறங்கவில்லை. கீறத்தான் வேண்டும் என்றுவிட்டார்கள். சீட்டின் நகல் சீதையின் காகிதங்களோடு இருந்தது. ஆனாலும் தெய்வானை ஆச்சி தியேட்டர் வாசலிலேயே நின்றார்கள். உள்ளே போன ஒவ்வொருவரையும், வாளி தூக்கிப்போன மூக்காயியைக் கூட நிறுத்தி, "ஸ்கோலின் போடக்கூடாது, தெரியுமில்ல?" என்று கேட்டார்கள். மூக்காயி, "நான் போட மாட்டேங்க" என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனாள். டாக்டர் கோபப்படுவாரோ என்று பயந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

முதுகு ஊசிதான். உள்ளே சீதை பேசிக்கொண்டே இருந்தது எங்களுக்குக் கேட்டது. புழுக்கமாக இருக்கிறது என்றாள், காற்றாடியைத் திருப்பச் சொன்னாள், பிள்ளைக்கு முடி இருக்கிறதா என்று கேட்டாள். அவள் வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று எத்தனை தடவை கண்டித்திருக்கிறேன்! நேற்று அந்தச் சத்தம் நிற்கக்கூடாது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச்சுக்கு நடுவே பிள்ளை அழுதான்.

நீ எழுதாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க மாட்டேன். எழுதினாய். அது போதும்.

ஆச்சி

புதுக்கோட்டை
23.3.1962

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைப் பையன்கள், வாடிக்கைக்காரர், எதிர்க்கடை நாகராசு எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி கடையிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. இரண்டு தடவை வாசல் வரை வந்தேன். பழைய சோடா புத்தி விடவில்லை.

காரணம் ஆத்தாதான். நேற்று அவர்கள் ரிசல்ட் வந்தது. முழு நல்ல ரத்தம், ஒரு குறையும் இல்லை. நல்ல சேதி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்ச் சொன்னேன். "அப்ப ஒன்னுது மாதிரி இல்லையா?" என்றார்கள். இல்லை என்றேன். "கொஞ்சம்கூடவா?" என்றார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஆச்சி. தன் ரத்தம் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று இத்தனை நாளும் அவர்கள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

காகிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். இன்று காலை கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக் காரில் கிளம்பினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, இன்னும் வரவில்லை. எனக்கு வேலை ஓடவில்லை.

ஆதப்பன்

ராயவரம்
26.3.1962

தம்பி,

உன் ஆத்தா இங்கே இருக்கிறார்கள். மதுரைவீரன் வந்து சொல்லியிருப்பான், இருந்தாலும் நானும் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கார் வந்து நின்றது. அன்றுதான் சீதையையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். உன் ஆத்தா ஆவுடையாள் ஆச்சி இறங்கி, முகப்பைத் தாண்டி நேரே உள்ளே வந்தார்கள். இடுப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். "எந்த டாக்டருகிட்ட வேணும்னாலும் காட்டிக்க. எனக்கும் அவனுக்கும் ரத்தத்துல ஒண்ணும் இல்ல. அவன் ஒன் தம்பிதான்" என்றார்கள். நின்றபடியே அழுதார்கள். "அவன் மூச்சில்லாமக் கெடந்தப்ப, கதவுக்கு வெளிய நின்னு, இவன் பொழைச்சா அக்கா தம்பியைச் சேத்து வச்சிர்றேன்னு சாமிகிட்டச் சொன்னேன். பொழைச்சு வந்ததும் பயம் வந்துருச்சு. சொல்லாம இருந்துட்டேன். இந்தக் கடுதாசி வந்த பெறகும் சொல்லலைன்னா நான் மனுஷியே இல்ல" என்றார்கள்.

இருபத்தாறு வருஷமாக அவர்களிடம் கேட்பதற்கென்று நான் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். "ஆச்சி, அன்னைக்கு அந்தக் கதவுக்கு வெளிய நின்னது நீங்கதானே. நான் வடகம் காயப் போட்டுக்கிட்டு இங்கிட்டு இருந்தேன்" என்றுதான் சொன்னேன். பிள்ளையைத் தூக்கி அவர்கள் மடியில் வைத்தேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போன அன்று என் கையிலிருந்து உன் கையைப் பிரித்தவர்கள் மடியில் என் பேரனை வைக்க எனக்குத் துளியும் தயக்கம் வரவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

இன்றைக்கு நாலாவது நாள். கிளம்புகிற எண்ணமே இல்லை. பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது அவர்கள்தான். என் ரசத்தில் புளி தூக்கல் என்று சமையல்காரி மருதாயியிடம் சொல்லியிருக்கிறார்கள். தெய்வானை ஆச்சியும் இங்கேதான். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் பாத்திரங்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் எனக்கு மதிப்பே இல்லை, இப்படி நிம்மதியாக இருந்தும் நாளாயிற்று.

வியாழக்கிழமை பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம். தொட்டிலில் சீதையின் அம்மான் நீதான் போட வேண்டும். இதை உனக்கு எழுதச் சொன்னது நான் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே உன் ஆத்தா சொல்கிறார்கள், "திருமயத்துல எறங்காம நேரா வரச் சொல்லு."

ஆச்சி